காசு மாலையா, மாங்காய் மாலையா, நகாஸ் ஆரமா? 10 பவுனுக்கு எது?

அக்கா மகளுக்கு வர்ற தை மாசம் கல்யாணம். தோடு, வளையல், மோதிரம், செயின்னு சின்னச் சின்னதா எல்லாம் வருஷக்கணக்கா சேத்தாச்சு, பாக்கி கழுத்துக்குப் பெருசா ஒண்ணு வேணும், பட்ஜெட் 10 பவுன், அதுக்கு மேல ஒரு குந்துமணி கூட ஏறக்கூடாதுன்னு மாமா கறாரா சொல்லிட்டாரு. இந்த 10 பவுனுக்கு வீட்டுல மூணு கட்சி. அக்காவுக்கு காசு மாலை. அக்காவோட மாமியாருக்கு மாங்காய் மாலை, கல்லு இல்லாம அது என்ன கல்யாண நகைங்கிறது அவங்க வாதம். பொண்ணுக்கு நகாஸ் வேலை செஞ்ச லட்சுமி ஆரம், ஏன்னா எந்த ரீல்ஸத் தொறந்தாலும் கல்யாணப் பொண்ணு அதத்தான் போட்டுக்கிட்டு படியில இறங்கி வருது. நடுவுல என்னைய எதுக்குக் கூப்பிட்டாங்கன்னா, நான் ஏற்கனவே நகையில ஒரு தடவ நல்லா அடி வாங்கினவ, எங்க குடும்பத்துல அதெல்லாம் ஒரு படிப்பு மாதிரி.

ரெண்டு மாசமா மதுரை தெற்காவணி மூல வீதியில ஏறாத கடை இல்ல, கடைசியா எங்க பழைய பத்தர் வீட்டுத் திண்ணையிலயும் ஒரு மத்தியானம் ஒக்காந்து பேசினோம். அவரு நகையக் கையில வாங்கினா முன்பக்கத்தப் பாக்கவே மாட்டாரு, நேரா திருப்பிப் போட்டுருவாரு. "மூஞ்சிய எல்லாரும் அழகாத்தான் செய்வான் தாயி, முதுகப் பாரு" அப்டின்னாரு. அதுக்கப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது. காசு, மாங்கா, லட்சுமி மூணும் நமக்கு வெறும் டிசைனாத் தெரியுது, ஆனா செய்யறவனுக்கு அது மூணு வேற வேற வேலை. காசு அச்சுல அடிக்கிறது, மாங்கா பெட்டி கட்டி அரக்கு நெரப்பி கல்லு பதிக்கிறது, லட்சுமி தகட்டப் பின்னாடியிருந்து தட்டித் தட்டி எழுப்புறது. உருவம் மாறுனா வேலை மாறுது, வேலை மாறுனா சேதாரம் மாறுது, பத்து வருஷம் கழிச்சு கடையில கொண்டு போய் வெச்சா அவன் எவ்ளோ கழிப்பாங்கிறதும் மாறுது. அப்ப முடிவு எடுக்க வேண்டியது மாங்கா அழகா மயில் அழகாங்கிறது இல்ல, எந்த வேலைக்கு நாம காசு குடுக்கிறோம்ங்கிறதுதான்.

காசு மாலையில இருந்து ஆரம்பிக்கிறேன், எனக்குப் பிடிச்சதும் அதுதான், மறைக்க ஒண்ணுமில்ல.

தங்கத்த நாம சவரன்னும் பவுன்னும் எடை சொல்றதே வெள்ளைக்காரன் காசுல இருந்து வந்ததுதான். அந்தக் காசு 22 கேரட், எடை 8 கிராமுக்கு ஒரு துளி கம்மி, அதத்தான் நாம 8 கிராம்னு முழுசாக்கி வெச்சிருக்கோம். 1918ல பம்பாயிலயே கூட அந்தக் காச அடிச்சாங்க. ஊரான் காசக் கழுத்துல மாட்டிக்கிற பழக்கம் அதுக்கும் ரொம்ப முந்தி, தென்னிந்தியாவுல பூமிக்கடியில கிடைச்ச ரோமானியத் தங்கக் காசுல சிலதுல கோக்கிறதுக்கு ஓட்டை போட்டிருக்காங்க. எந்த ராஜா தலையா இருந்தா நமக்கென்ன, தங்கம் தங்கம்தான.

எங்க அம்மாவப் பெத்த பாட்டிகிட்ட அப்டி ஒரு மாலை இருந்துச்சு, அரைப் பவுன் காசு 21 கோத்தது. ஒவ்வொரு காசுக்கும் தலைமாட்டுல ஒரு சின்ன வளையம் பத்த வெச்சிருக்கும், சிலதுல மூக்குத் தேஞ்சு போன ராணி, சிலதுல தாடி வெச்ச ஜார்ஜ், பின்பக்கம் குதிரை மேல ஒருத்தன் கீழ கெடக்கிற பிராணிய வெட்டுற மாதிரி இருக்கும். அது ஏதோ வெள்ளைக்காரங்க சாமியாராம், பாட்டி கடைசி வரைக்கும் அத அய்யனாருன்னுதான் நம்பிக்கிட்டு இருந்துச்சு, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை குங்குமம் கூட வெக்கும். பம்புசெட்டு மோட்டார் எரிஞ்சப்ப ரெண்டு காசு போச்சு, பெரிய மாமா பாலிடெக்னிக் சேந்தப்ப மூணு, சித்தி பிரசவத்துக்கு ஒண்ணு, நான் பாக்கும்போது 15தான் மிச்சம், போன காசு எடத்துல எல்லாம் பவளம் கோத்து இடைவெளிய நெரப்பி வெச்சிருந்துச்சு. மாலையும் இருந்துச்சு, செலவும் ஆச்சு. ஒரு மாங்காயப் புடுங்கி வித்துட்டு மிச்ச மாலையப் போட்டுக்க முடியுமா சொல்லுங்க.

ஆனா இப்ப கடையில காசு மாலைன்னு மாட்டி வெச்சிருக்கிறது பாட்டி மாலை இல்ல, அதையும் சொல்லணும். இப்ப காசுங்கிறது மெல்லிசுத் தகட்டுல டை வெச்சு அடிச்ச லட்சுமி. நாங்க பாத்ததுல ஒரு காசு அரை கிராம்ல இருந்து ஒரு கிராம் வரைக்கும்தான் வருது, மீன் செதில் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கிற மாதிரி கோத்துருவாங்க, அதனால எட்டு பவுன்லயே கழுத்து நெறஞ்சு தெரியும். ரொம்ப மெல்லிசா இருந்தா ஓரம் மடங்கும், பட்டுச் சேலை ஜரிகையில மாட்டி இழுக்கும், முகூர்த்தத்துல முந்தானைய எடுக்கப் போயி நாலு காசு நிமுந்து நிக்கும். கட்டை விரலால ஒரு காச லேசா அமுக்கிப் பாருங்க, வளையுற மாதிரி இருந்தா அத விட்டுருங்க.

இன்னொண்ணு, கோக்கிறதுல ரெண்டு விதம் இருக்கு. காசையெல்லாம் பட்டையான செயின் மேல நேரா பத்த வெச்சது ஒண்ணு, ஒவ்வொரு காசையும் வளையத்துல தொங்க விட்டது ஒண்ணு. மொதல் விதம் பாக்க ஒழுங்கா இருக்கும், காசு திரும்பாது, ஆனா ஒரு காசு பிஞ்சா அந்த எடம் முழுக்க நெருப்புக் காட்டணும். வளையம் போட்டது கொஞ்சம் ஆடும், சத்தம் வரும், ஆனா எப்ப வேணா ஒரு காசக் கழட்டலாம், நாலு சேக்கலாம், மாலையக் குறுக்கி நெக்லஸாக்கலாம். கடைக்காரப் பசங்க மொதல் விதத்தத்தான் தள்ளி விடுவாங்க. கேட்டா பினிஷிங்ம்பாங்க.

அடுத்தது மாங்காய் மாலை. இதுதான் என்னைய ஏமாத்தினது, சரியாச் சொன்னா என் புத்தி என்னைய ஏமாத்தினது.

அழகுல இதுக்கு எதிர்ல எதுவும் நிக்காதுன்னு ஒத்துக்கிறேன். நல்ல மாங்காய் மாலையக் கையில எடுத்துப் பாத்தா வலது பக்க மாங்கா மூக்கு ஒரு திசை, இடது பக்கத்து மூக்கு எதிர் திசை, கண்ணாடியில பாக்கிற மாதிரி ஜோடி ஜோடியா எறங்கி வந்து நடுவுல பதக்கத்துல சேரும், பதக்கத்துல ரெண்டு மயிலோ அன்னமோ மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கும், அதுக்குக் கீழ முத்துக் குஞ்சலம். மாங்கா நம்ம வாசல் தோரணத்துலயும் பட்டுச் சேலை பார்டர்லயும் இருக்கிறதுதான், அதனால கண்ணுக்குப் பழகின உருவம், கிழவிக்கும் பொருந்தும் குமரிக்கும் பொருந்தும். சிவப்புக் கல்ல கெம்புன்னு சொல்றோம்ல, கன்னடத்துல கெம்புன்னா சிவப்பு. பழைய நகையில அது பர்மா மாணிக்கமா இருக்கும், பட்டை தீட்டாம மொழுக்குனு புளியங்கொட்டை மாதிரி இருக்கும், இப்ப வர்றதுல முக்காவாசி செயற்கைக் கல்லு இல்லன்னா கண்ணாடி.

ஆனா அந்த மாங்காயத் திருப்புங்க. பின்னாடி மூடின தகடு, சிலதுல அதுலயும் பூ வேலை பண்ணி அழகா மூடியிருப்பாங்க. உள்ள என்ன இருக்கு? அரக்கு. தங்கத்துல பெட்டி கட்டி, உள்ள அரக்கு நெரப்பி, கல்லுக்கு அடியில பளபளன்னு ஒரு மெல்லிசு ரேக்கு வெச்சு, மேல கல்ல உக்கார வெச்சு ஓரத்தத் தங்கத்தால நெருக்கி மூடுறது. கல்லு அப்டி செவசெவன்னு எரியறதுக்குக் காரணமே அடியில இருக்கிற அந்த ரேக்குதான். அப்ப நீங்க வாங்குற 80 கிராம் மாலையில தங்கமும் இருக்கு, கல்லும் இருக்கு, அரக்கும் இருக்கு.

இது ஏதோ இப்ப வந்த கடைக்காரத் தந்திரம்னு நெனச்சுறாதீங்க. தஞ்சாவூர் பெரிய கோயில்ல ராஜராஜன் குடுத்த நகைக் கணக்கு கல்வெட்டுல இருக்கு, ஒவ்வொரு நகைக்கும் முத்து எத்தனை, மாணிக்கம் எத்தனை, வைரம் எத்தனை, அதுல குறை உள்ளது எதுன்னு வரைக்கும் எண்ணி எழுதி, கழஞ்சு மஞ்சாடி கணக்குல எடை போட்டு, சில நகைக்கு அந்த எடை சரடு அரக்கு எல்லாம் உட்படன்னும் சேத்து எழுதியிருக்காங்க. அந்த எடைக்கல்லுக்கே ஆடவல்லான், தட்சிணமேரு விடங்கன்னு பேரு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி கோயில் கணக்குப்பிள்ளை இது அரக்கோட சேத்து எடைன்னு கல்லுல வெட்டி வெச்சுட்டுப் போயிருக்காரு, நமக்கு பில்லுல அத எழுதிக் குடுக்க கடைக்காரருக்குக் கை வலிக்குது.

என் கதையும் இதுதான். எனக்குப் போட்ட மாங்காய் மாலை 9 பவுன்னு கல்யாணத்துல ஊரே பேசுச்சு, பன்னெண்டு வருஷம் கழிச்சு வீட்டு வேலைக்குப் பணம் பத்தாம கொண்டு போய் வெச்சப்ப கடையில கல்லு அரக்கு கழிச்சு தங்கம் மட்டும் 49 கிராம்னாங்க, அதாவது ஆறு பவுன் சொச்சம். அதுலயும் பத்த வெச்ச பொடி, தரம்னு இன்னொரு கழிவு. கல்லுக்கு ஒரு ரூபா கூட கிடையாது, வேணும்னா புடுங்கித் தர்றோம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கன்னாங்க. கடையத் திட்டி என்ன, வாங்கின அன்னிக்கு நிகர எடை என்னன்னு அப்பாவும் கேக்கல, பில்லுலயும் பிரிச்சுப் போடல. இதுல இன்னொரு கூத்து, நடுவுல ஒரு தீபாவளிக்கு பளபளன்னு ஆகட்டும்னு பூந்திக்கொட்டைத் தண்ணியில ஊறப் போட்டுட்டேன். தண்ணி உள்ள எறங்கி ரேக்கு செத்துப் போயி ஏழெட்டுக் கல்லு நாவப்பழம் மாதிரி கறுத்துருச்சு. கல்லு வெச்ச நகைய தண்ணி காட்டவே கூடாது, சென்ட் அடிச்சுட்டு உடனே போடக்கூடாது, கழட்டினதும் மெல்லிசு துணியால வேர்வையத் தொடச்சு பஞ்சு வெச்சுப் பொதிஞ்சு வெக்கணும். இத யாராவது என் இருவது வயசுல சொல்லியிருக்கலாம்.

அப்ப மாங்காய் மாலையே வேண்டாமான்னா அப்டியும் சொல்ல மாட்டேன். வீட்டுல பழைய மாணிக்கம் பச்சைக்கல்லு சும்மா கெடந்தா, நல்ல பத்தர் கைவசம் இருந்தா, இத விக்கவே போறதில்ல பேத்திக்குத்தான்னு மனசுல உறுதி இருந்தா தாராளமா செய்யுங்க. புதுசா கண்ணாடிக் கல்லுக்கு பவுன் பவுனா குடுத்து வாங்குறதுதான் எனக்கு ஒவ்வாத விஷயம். அக்கா மாமியார்கிட்ட இத எப்டிச் சொல்றதுன்னுதான் ஒரு வாரம் யோசிச்சோம்.

மூணாவது நகாஸ். கடையில டெம்பிள் டிசைன், ஆன்டிக்னு பல பேருல விக்கிறாங்க. உண்மையான நகாஸ் வேலைய அந்தத் திண்ணையில கொஞ்ச நேரம் பாத்தேன், அதுக்கப்புறம் வெலை பத்தி வாயத் தொறக்க மனசு வரல. அரக்குக் கட்டையச் சூடு காட்டி எளக்கி, தங்கத் தகட்ட அதுமேல ஒட்டி, கையில பேனா மொத்தத்துல நாப்பது அம்பது இரும்பு உளி வெச்சுக்கிட்டு டொக் டொக்னு தட்டி மொதல்ல பின்பக்கமிருந்து மொத்த உருவத்தப் பொடைக்க வெக்கிறாரு, அப்புறம் அரக்க விட்டுக் கழட்டி, பள்ளத்துல அரக்க ஊத்தி, திருப்பி ஒட்டி, முன்பக்கமிருந்து கண்ணு, மூக்கு, விரல், தாமரை இதழு. கட்டை விரல் நகம் அளவு லட்சுமி, அதுல கையில இருக்கிற பூவுக்கு இதழ் எண்ணலாம். சுத்தி ரெண்டு யானை, மேல யாளி முகம், ஓரத்துல மகரம் வாயத் தொறந்து கொடியக் கக்குது. கோயில் திருவாசியில இருக்கிறதெல்லாம் அப்டியே சின்னதாகி கழுத்துக்கு வந்துருது.

ஆனா ஷோரூம்ல நகாஸ்னு பேர் போட்டு இருக்கிறதுல பெரும்பாலானது இப்டி ஒருத்தர் ஒக்காந்து தட்டினது இல்ல. கம்ப்யூட்டர்ல வரைஞ்சு மெழுகுல எடுத்து வார்க்கிறது, நம்ம சுவாமிமலை சிலை வார்க்கிற அதே மெழுகுத் தத்துவம்தான், ஆனா ஒரே அச்சுல நூறு லட்சுமி வரும். அதுல தப்பு ஒண்ணுமில்ல, தங்கம் அதே 22 கேரட்தான், ஆனா கைவேலைக் கூலிய இதுக்கும் போடுவாங்க பாருங்க, அங்கதான் திருப்பிப் பாக்கணும். கையால தட்டினதா இருந்தா பின்பக்கம் குழிவா இருக்கும், முன்னாடி மேடு எங்கயோ பின்னாடி பள்ளம் அங்க, லட்சுமியோட முதுகையே பாக்கிற மாதிரி. வார்த்தது பின்னாடி வழவழன்னோ பொரபொரன்னோ ஒரே சீரா இருக்கும், கனமும் கூட. இன்னொரு வழி, ஒரே ஆரத்துல இருக்கிற ரெண்டு லட்சுமிய பக்கத்துல பக்கத்துல வெச்சு செல்போன்ல போட்டோ எடுத்துப் பெருசாக்கிப் பாருங்க. கைவேலைன்னா ஒரு லட்சுமி லேசா சிரிக்கும், இன்னொண்ணு கொஞ்சம் கோவமா இருக்கும். ரெண்டும் ஒரே மாதிரி சிரிச்சா அது மிஷின். எங்க பொண்ணு ஆசப்பட்டுக் காட்டின ஆரத்துல பதினோரு லட்சுமியும் ஒரே மாதிரி சிரிச்சுது, சேல்ஸ் பையன் மூஞ்சிதான் மாறுச்சு.

அந்த ஆன்டிக் கலரும் அப்டித்தான். எழுதுன கோட்டுல எல்லாம் கறுப்பு ஏத்தி மேல மங்கலா மெருகு போடுறது, போட்டுப் போட்டுத் தேஞ்சா மேடான எடம் மஞ்சளா வெளுத்துத் தெரியும், பாலீஷ் போடக் குடுத்தா அந்தப் பழைய தோற்றம் அப்டியே திரும்பி வரும்னு நிச்சயமில்ல. சந்தனமும் பவுடரும் இதழு இதழா உள்ள போயி உக்காந்துக்கும், அத எடுக்கிறது தனி வேலை. வருஷத்துல மூணு கல்யாணம், ஒரு நவராத்திரின்னு போடுறவங்களுக்கு ஓகே.

இப்ப பணக் கணக்குக்கு வருவோம், வீட்டுல சண்டை அடங்கினதே இதுக்கப்புறம்தான். விலை தெனம் மாறுது, கணக்குக்கு ஒரு கிராம் 10,000ன்னு வெச்சுக்குங்க. 80 கிராம் தங்கம் 8,00,000. காசு மாலைக்கு எங்களுக்குச் சொன்ன சேதாரம் 12 சதவீதம், அது 96,000, மேல 3 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 9,22,880. நகாஸுக்கு 22 சதவீதம், அது 1,76,000, ஜிஎஸ்டியோட 10,05,280. ரெண்டுக்கும் வித்தியாசம் 82,400, அதாவது ஒரே எடை தங்கத்துக்கு ஒரு பவுன் காசு கூடப் போகுது, அது திரும்பி வராத காசு. சில கடையில சேதாரம்னு தனியா, செய்கூலின்னு தனியாவும் போடுவாங்க, ரெண்டையும் கூட்டித்தான் ஒப்பிடணும், சேதாரமே இல்லன்னு போர்டு வெச்சவன் செய்கூலியில எடுத்துருவான்.

மாங்காய் மாலைக்கு 16 சதவீதம்னாங்க, கம்மியா இருக்கேன்னு சந்தோஷப்படுறதுக்குள்ள எதுமேல 16னு கேக்கணும். மொத்த எடை 80, கல்லும் அரக்கும் 22 கிராம்னா தங்கம் 58. அந்த 58 மேல போட்டா சேதாரம் 9.28 கிராம். 80 மேல போட்டா 12.8 கிராம். நடுவுல இருக்கிற மூணரை கிராம் நம்ம தலையில, 35,200 ரூபா, அரக்குக்கு சேதாரம் குடுத்த ஒரே கூட்டம் நாமளாத்தான் இருக்கும். ஒரு கடையில இதக் கேட்டதும் மேனேஜர் வந்து காபி குடுத்தாரு, பதில் வரல.

ஹால்மார்க் பத்தி ரெண்டு வார்த்தை. 2023 ஏப்ரல் 1ல இருந்து ஆறு எழுத்து எண்ணு கலந்த எச்யூஐடி நம்பர் இல்லாம கடையில தங்க நகை விக்கக்கூடாது, பிஐஎஸ்ங்கிற அரசுத் தர அமைப்போட முத்திரை, 22 கேரட்னு சொல்ற 22கே916, அந்த நம்பர், மூணும் இருக்கணும். பிஐஎஸ் கேர் ஆப்ல நம்பரப் போட்டா எந்தத் தரம், என்ன நகைன்னு காட்டும், மாலைக்கு மோதிரம்னு காட்டினா கேள்வி கேளுங்க. ஆனா அந்த முத்திரை தங்கத்துக்கு மட்டும்தான் பொறுப்பு, மாங்காய்க்குள்ள இருக்கிற கல்லு மாணிக்கமா பாட்டில் கண்ணாடியான்னு அது சொல்லாது. குந்தன், போல்கி, ஜடாவுன்னு சொல்ற வடநாட்டு வகைக்கு ஹால்மார்க் கட்டாயமே இல்ல, அந்தப் பேரச் சொல்லி யாராவது முத்திரை இல்லாம நீட்டினா உஷாரா இருங்க.

நடுவுல பொண்ணோட பிரெண்டு ஒரு யோசனை சொல்லுச்சு, நாகர்கோவில் வடசேரியில செய்யற கோயில் நகை. அது வெள்ளியில செஞ்சு தங்க ரேக்கு ஒட்டி சிவப்புக் கல்லு பதிச்சது, பரதநாட்டியம் ஆடறவங்க தலைசாமான், ஜடைநாகம், மாங்காய் மாலை எல்லாம் போடுவாங்கல்ல அதேதான், புவிசார் குறியீடு கூட வாங்கின வேலை. முகூர்த்தத்துக்கு செட்டா அத எடுத்துக்கிட்டு 10 பவுனுக்கும் காயினா வாங்கி வெச்சுரலாம்னுச்சு. கணக்குப்படி பாத்தா இதவிட புத்திசாலித்தனமான வழி கிடையாது, சேதாரம் போற எடத்துல ஒரு முழு செட்டே வந்துரும், டிசைனும் பழமையானது. ஆனா மாப்பிள்ளை வீட்டுல ஒரு அத்தை வந்து கழுத்துல தொட்டுப் பாத்து எத்தன பவுனுன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு அக்கா கேட்டுச்சு. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல, வெள்ளின்னு சொல்லுன்னு நான் சொல்லிருவேன், அக்காவால முடியாது. தலைசாமானும் ஜடைநாகமும் மட்டும் வடசேரி வேலையில வாங்கலாம்னு முடிவாச்சு, சூரியப்பிறை சந்திரப்பிறையெல்லாம் தங்கத்துல செய்ய யாரால முடியும்.

இன்னொரு பக்கம் பொண்ணுக்கு கேரளா பாலக்கா மாலை மேலயும் ஒரு கண்ணு, பச்சைக்கல்லு நாகபடமும் காட்டுச்சு. அதுவும் கல்லு வேலைதான், மாங்காய்க்குச் சொன்னது எல்லாம் அதுக்கும் பொருந்தும், தள்ளி வெச்சாச்சு.

முடிவு எப்டி வந்துச்சுன்னா, பாட்டியோட அட்டிகை ஒண்ணு அம்மா பீரோவுல கெடந்துச்சு. நடுவுல தாமரைப் பதக்கம், ரெண்டு பக்கமும் சிவப்புக் கல்லு பெருசுல இருந்து சிறுசா வரிசையா ஏறிப் போகும், மூணு கல்லு இல்ல, பட்டு நூலு இத்துப் போயிருந்துச்சு. பத்தர் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துட்டு கல்லு நல்ல கல்லுன்னாரு, மூணு கல்லு மட்டும் புதுசு வெச்சு அரக்கு மாத்தி புது நூலு கோத்துத் தர்றேன்னாரு. அதோட அக்கா மாமியாருக்கு வேண்டிய கல்லு நகை வந்துருச்சு, அதுவும் பாட்டி நகைன்னதும் அவங்களால மறுத்துப் பேச முடியல.

மிச்சம் 10 பவுன்ல எட்டு பவுனுக்கு காசு மாலை, வளையம் போட்டுக் கோத்தது, காசு ஒண்ணு ஒரு கிராம் கிட்ட வர்ற கனத்துல. ரெண்டு பவுனுக்குப் பதக்கம் ஒண்ணு, கையால தட்டின நகாஸ் கஜலட்சுமி, அதுக்கு மட்டும் அதிகக் கூலி, 80 கிராமுக்கு 22 சதவீதம் குடுக்கிற எடத்துல 16 கிராமுக்குக் குடுக்கிறோம், அது உறுத்தல. பதக்கத்த கொக்கியில மாட்டுற மாதிரி கேட்டிருக்கோம், கல்யாணத்துக்குக் காசு மாலையில தொங்கும், அப்புறம் சாதா செயின்லயும் பட்டு நூல்லயும் போட்டுக்கலாம். பொண்ணு மொதல்ல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிச்சு, ரீல்ஸ்ல யாரும் காசு மாலை போடறதில்லயாம். பத்தர் தட்டி முடிச்ச ஒரு பழைய லட்சுமிய அது கையில குடுத்து திருப்பிப் பாரும்மான்னாரு. பின்னாடி அந்தக் குழிக்குள்ள விரல விட்டுப் பாத்துச்சு, மூக்கு இருக்கிற எடத்துல சின்னதா ஒரு பள்ளம் தட்டுப்பட்டுச்சாம், "சித்தி இந்தா பாரு"ன்னு என் விரலையும் புடிச்சு வெச்சுச்சு.

அச்சாரம் குடுத்தாச்சு. பதக்கத்துக்கு 20 நாள் கேட்டிருக்காரு. காசு எத்தனைன்னு இன்னும் சண்டை, மாமா 51ங்கிறாரு, அக்கா ஒத்தப்படையா இருந்தா நடுவுல ஒண்ணு வரும் அது பதக்கத்துக்குப் பின்னாடி மறைஞ்சு வீணாப் போகும் 52 போடுங்கிறா, பத்தர் எத்தனையோ போடுங்க தாயி ஆனா நாளைக்குள்ள சொல்லுங்கன்னுட்டாரு.